எக்ஸ் என்று எழுதிய தண்டு

ஓதாவாரா
பிப்ரவரி 11, 1998

கோஸெய்க்கு அப்பா எழுதுவது.

நாசு மலைக் காற்று இந்த வருஷம் இறங்கி வந்து வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. நம் கோல்ஃப் பந்தடித் திடலின் வலை இரண்டு இடத்தில் கிழிந்து, நானும் அம்மாவும் ஏணி போட்டுத் தைத்தோம். அவளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. என் இடுப்பு பழைய இடுப்புதான். ஹிமெஜியில் உனக்கு உடம்பு எப்படி, மட்டைப் பட்டறையில் ஹீட்டர் உண்டா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

போன வாரம் சால்மன் தலையும் துருவிய முள்ளங்கியும் போட்டு அந்தக் குழம்பைச் செய்தாள். உனக்குப் பிடிக்காது, எனக்கும் ஆகாது. இந்த வீட்டில் உன் அண்ணன் தகுமா ஒருவன்தான் அதைத் தின்பான். அவன் போன பிறகும் அவளுக்குக் கை அளவு மாறவில்லை, ஒரு சட்டி நிறைய செய்துவிட்டாள். ஆனாலும் சட்டி காலியாகிவிட்டது.

விஷயம் இது. எனக்கு ஒன்றாம் நம்பர் மட்டை ஒன்று வேண்டும். உன் அண்ணனுக்குச் செய்து கொடுத்தாயே, அதே தலை, அதே நீளம், அதே எக்ஸ் தண்டு. அவனுடையது காரோடு நசுங்கிப் போயிற்று. மழைக்காலத்துக்கு முன் கிடைத்தால் நல்லது.

வலைக் கயிறு இழுத்துக் கை காய்த்துப்போயிருக்கிறது, எழுத்து கோணல். பொறுத்துக்கொள்.

அப்பா


ஹிமெஜி
பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

காற்று, இருமல், இடுப்பு எல்லாம் படித்தேன். ஹீட்டர் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

முடியாது.

புத்தாண்டுக்கு வந்தபோது உங்கள் வீச்சை அளந்தேன். மட்டைத் தலையின் வேகம் நொடிக்கு முப்பத்தாறு மீட்டர். அண்ணனுக்கு நாற்பத்தேழு. தண்டின் விறைப்புக்கு ஐந்து எழுத்து வைத்திருக்கிறோம்: எல் பெண்களுக்கு, ஏ முதியவர்களுக்கு, ஆர் சாதாரண ஆளுக்கு, எஸ் வேகமானவனுக்கு, எக்ஸ் அதை வைத்துப் பிழைப்பவனுக்கு. உங்களுக்கு ஆர். அதுவும் நான் மகன் என்பதால் ஆர்.

வீசும்போது தண்டு பின்னால் வளைய வேண்டும். பந்தைத் தொடும் நேரத்தில் நிமிர்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட வேண்டும். அதை வளைக்க வேகம் வேண்டும். உங்கள் வேகத்துக்கு எக்ஸ் வளையவே வளையாது, கடப்பாரையால் பந்தடிக்கிற மாதிரி. பந்து வலது பக்கம் தாழ்வாகச் சாயும். அதிர்ச்சி முழுக்க இடுப்பில் இறங்கும். அந்த இடுப்பைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மாடத்தில் அண்ணன் படத்துக்கு முன்னால் வைப்பதற்காக என்றால் சொல்லுங்கள். தண்டே இல்லாமல் செய்து தருகிறேன்.

அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்லவும்.

கோஸெய்


ஓதாவாரா
மார்ச் 8

கோஸெய்க்கு,

பிளம் பூத்துவிட்டது. நாங்கள் நலம். நீ கோபமாக எழுதியதால் நீயும் நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ எழுதிய அத்தனையும் சரி. எக்ஸ்தான் வேண்டும். காரணம் கேட்காதே.

பந்தடிக்கிற கடைசி மேடையின் பந்து கொட்டும் இயந்திரத்தில் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. அங்கே பழையது கிடைத்தால் மட்டையோடு சேர்த்து அனுப்பு.

அப்பா


ஹிமெஜி
ஏப்ரல் 9

அம்மா,

இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி, நடைபாதையில் வழுக்குகிறது. நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? மழுப்பாமல் எழுது.

மட்டை இந்தப் பெட்டியில் இருக்கிறது, பல்சக்கரமும் இருக்கிறது. அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிவிட்டேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அவரிடம் சொல்லாதே.

போன மாதம் ஒரு பல் டாக்டர் வந்தார்.

“எஸ் போடுங்க.”

“உங்க வேகத்துக்கு ஆர்தான் சார்.”

“ஆர்னு எழுதியிருந்தா என் மாமனார் சிரிப்பாரு.”

“மாமனாரையா அடிக்கப் போறீங்க? பந்தைத்தானே சார்?”

முதலாளி என்னைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். “டேய், உனக்கு வாய் எக்ஸு, மூளை எல்லு” என்றார். பிறகு ஒரு ஆர் தண்டின் எழுத்தை மருந்தால் துடைத்து, எஸ் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தார். டாக்டர் அடித்துப் பார்த்துவிட்டு, “பார்த்தியா, எனக்கு எஸ்தான்” என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் பந்து நேராகத்தான் போனது.

அப்பாவுக்கும் அதைத்தான் செய்திருக்கிறேன். மேலே எக்ஸ், உள்ளே ஆர். கையால் வளைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடியை இறுக்கி நுனியைச் சுண்டிவிட்டு அதிர்வை எண்ணும் இயந்திரம் வேண்டும், அது எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. அவர் எக்ஸ் அடிப்பதாக நினைத்துக்கொள்ளட்டும், இடுப்பு தப்பிக்கும்.

வேகமாக அடிக்கிறவன் கையில் கொடுத்தால்தான் ஆபத்து. தண்டு தாங்காது, தலை முந்திக்கொண்டு திரும்பிவிடும். பந்து இடது பக்கம் ஓடும், களைத்துப்போனால் இன்னும் இடது. நம் திடலில் அப்படி அடிக்க இப்போது யாரும் இல்லை.

வெந்நீர் குடி.

கோஸெய்


ஓதாவாரா
மே 2

என் கோஸெய்க்கு,

வயலில் தண்ணீர் கட்டிவிட்டார்கள், தவளைக் கத்தலில் தூக்கமே இல்லை. இருமல் நின்றுவிட்டது. நிஜமாகத்தான், அப்பாவைக் கேட்டுப்பார். சுரைக்காய் வற்றல் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். நன்றாக ஊறவைத்து, சோயாவும் சர்க்கரையும் போட்டு வேகவை. அவசரப்பட்டு அரை வேக்காட்டில் தின்றுவிட்டு வயிறு வலி என்று எழுதாதே.

மட்டை வந்தது. நீ சொன்னதை அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் கடைசி மேடையிலிருந்து சத்தம் வருகிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். முதலில் காற்றைக் கிழிக்கிற சத்தம், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் பந்து. பழையபடியே இருக்கிறது. அப்பா டீயை மேடைக்குக் கொண்டுபோவார், நான் போவதில்லை. பார்த்தால் கெட்டுவிடும்.

ஒன்று கேட்கிறேன். பந்து இடது பக்கம் ஓடும் என்றாயே, அது தண்டின் தவறு என்று அடிக்கிறவனுக்குத் தெரியுமா, இல்லை தன் கைதான் தவறு என்று நினைத்துக்கொள்வானா?

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அம்மா


ஓதாவாரா
ஜூலை 5

கோஸெய்க்கு,

விடாத மழை. வலை ஈரத்தில் தொங்கி, கம்பங்கள் முனகுகின்றன. உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை, வேலை அதிகம் என்று அம்மாவிடம் நானே சொல்லிவைத்தேன்.

மட்டையில் ஏதாவது கோளாறு இருக்குமா? பந்தெல்லாம் இடது பக்கம் போகிறது. பிடியை மாற்றி, நிற்கும் நிலையை மாற்றி, எல்லாம் பார்த்தாயிற்று. முதலில் கொஞ்சம்தான் போயிற்று. இப்போது இடது ஓரத்து வலையை அங்கே மட்டும் மறுபடி தைக்க வேண்டியிருக்கிறது.

மட்டை முகத்தில் ஒட்டி அடித்த தாள்களை வைத்திருக்கிறேன், பந்து பட்ட இடம் தெரியும். வேகம் அளந்த சீட்டும் இருக்கிறது. பார்த்துச் சொல். செப்டம்பருக்குள் சரியாக வேண்டும்.

அப்பா


ஹிமெஜி
ஜூலை 12

அப்பா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

தாள்களை வேலை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அடி எல்லாம் நடுவில் இல்லை. முனைப் பக்கம், ஒரு விரல் மேலே, ஒரே கொத்தாக. ஒரு அடிகூட விலகவில்லை. இந்த இடம் எனக்குத் தெரியும். அண்ணனுக்காக நான் மூன்று மட்டை செய்தேன், மூன்றிலும் வண்ணம் தேய்ந்தது இதே இடத்தில்தான். அவனுக்காகவே தலைக்குள் ஈயத்தை முனைப் பக்கம் வைப்பேன். சீட்டில் நாற்பத்தேழு என்று இருக்கிறது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“இது எங்க அண்ணன் அடிச்சது.”

“பழைய தாளா?”

“போன வாரத்துத் தாள்.”

உள்ளே போனவர், சாவுத் தீட்டுக் கழிக்கிற மாதிரி ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து என் தோளில் தூவிவிட்டுப் போனார். மனுஷன் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. அதிர்வு, எடை, நீளம், கோணம், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாள்களை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை, பெட்டியில் போட்டு மூடவும் முடியவில்லை. பல்சக்கரம் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். கடைசி மேடை அண்ணன் மேடை, அவனுக்குப் பிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆளில்லாத மேடையில் இயந்திரம் எப்படித் தேயும்?

யார் அடிப்பது? அந்த மட்டையைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன பிறகு சொல்கிறேன்.

கோஸெய்


ஓதாவாரா
ஆகஸ்ட் 2

கோஸெய்க்கு,

மழை ஓய்ந்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இஸோபே.

இங்கேயே கடிதத்தைக் கசக்காதே, முழுதும் படி.

உன் கோபம் எனக்குத் தெரியும். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அவன் நீட்டிய காணிக்கைப் பண உறையை நீ அவன் மார்பில் திருப்பி எறிந்தாய். கட்டுப்போட்ட காலோடு குனிந்து அவன் அதைப் பொறுக்கினான். நான் உன்னைத் தடுக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் தேர்வு முடிந்து இருவரும் திரும்பும்போது வண்டி ஓட்டியவன் அவன், கண் அசந்தவன் அவன், செத்தவன் நம் பையன். அன்றைக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா. சத்தம் கேட்டுட்டுப் போலாம்னு.”

“உள்ளே வாடா. அங்கே நின்னு விறைச்சுச் செத்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

வந்தான். மரக்கடையில் மூட்டை தூக்குகிறானாம், மட்டையைத் தொட்டு மாதக்கணக்காகிறது. வாடகை மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கால் தானாகக் கடைசி மேடைக்குப் போயிற்று. முதல் பந்து அடித்ததும் சமையலறையில் உன் அம்மா கையிலிருந்து பாத்திரம் விழுந்தது. பத்து வயதிலிருந்து அவனும் தகுமாவும் என்னுடைய நீள மட்டை ஒன்றையே மாற்றி மாற்றி அடித்துக் கற்றவர்கள். உயரத்துக்கு மீறிய மட்டை. அதனால்தான் முனையில் அடி, அதனால்தான் வீச்சின் உச்சியில் அந்த நிறுத்தம். நீ தாளில் பார்த்தது அதைத்தான்.

செப்டம்பர் நடுவில் தேர்வு. இதில் தேறாவிட்டால் மட்டையை விட்டுவிடுவேன் என்கிறான். மட்டையை மட்டுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மட்டையை முதல் நாள் வீசியபோது, “தளர்வா இருக்கே மாமா” என்றான். எக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, “என் கைதான் தளர்ந்துபோச்சு” என்றான். போன வாரம் பந்து இடது பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் சொன்னான்:

“அவன் உக்காந்திருந்த பக்கம்தான் போகுது.”

“என்னடா உளர்றே?”

“வண்டியில அவன் இடது பக்கம்தானே மாமா இருந்தான். எனக்குப் பக்கத்துல. எப்படி அடிச்சாலும் அங்கேயே இழுக்கிறான்.”

உனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்றாயே. சொல்.

அப்பா


ஓதாவாரா
ஆகஸ்ட் 18

என் கோஸெய்க்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நீ ஓபோனுக்கு வரவில்லை. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாள், அண்ணனுக்கு முதல் ஓபோன். கடிதமும் வரவில்லை. தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் அப்பா செருப்பு மாட்டாமலே வாசலுக்கு ஓடுகிறார், உன்னிடம் எதையோ கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது.

வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சி குத்திக் குதிரை செய்து வைத்தேன், சீக்கிரம் வரட்டும் என்று. அப்பா பார்த்துவிட்டு, “திரும்பிப் போறதுக்குக் கத்தரிக்கா மாடு எங்கேடி?” என்றார். மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை கோஸெய். தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்துத் தொங்குகிறது. பறிக்கக் கை போகவில்லை. மாடு இல்லாவிட்டால் எப்படிப் போவான்?

ஏப்ரலில் நீ எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மே மாதம் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஆனால் பதிலை நானே சமையலறை ஜன்னலிலிருந்து தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் தன் கைகளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

தேறினால் சிபாவில் ஒரு மைதானத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். போய்விடுவான். தேறாவிட்டால் மரக்கடை, சாயங்காலம் இங்கே. மட்டையை விட்டுவிடுவேன் என்கிறான், அவனால் முடியாது. வருவான்.

அதனால் அப்பாவுக்கு எதையும் எழுதாதே. அவன்மேல் உனக்கும் ஆத்திரம் இருக்கிறதே. நீ எதுவும் செய்ய வேண்டாம். நானும் எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்தால் போதும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

அம்மா


ஹிமெஜி
செப்டம்பர் 1

இஸோபேவுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய முறை. கேட்டாயிற்று.

இந்தப் பெட்டியில் இருக்கிற மட்டையை எடு. இப்போது நீ அடிக்கிற மட்டையை ஓரமாக வை. அது தவறு. மேலே எக்ஸ் என்று இருக்கும், உள்ளே ஆர். நான்தான் எழுத்தை மாற்றி ஒட்டினேன். அப்பா தனக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, அவர் இடுப்புக்குப் பயந்து செய்தேன். உனக்கென்று தெரிந்திருந்தால் எதையுமே செய்திருக்க மாட்டேன், அது வேறு.

ஆர் தண்டை நாற்பத்தேழில் வீசினால் தலை முந்தித் திரும்பும். பந்து இடது பக்கம் போகும். நீ அடித்தாலும் போகும், நான் இயந்திரத்தில் மாட்டி அடித்தாலும் போகும், சாட்சாத் புத்தர் வந்து அடித்தாலும் போகும். நேற்று அதே மாதிரி இன்னொன்று செய்து இயந்திரத்தில் பார்த்தேன், ஒவ்வொன்றும் இடது பக்கம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் நாள் தளர்வாக இருக்கிறது என்று சொன்னாயாம். உன் கை சொன்னது சரி. எழுத்தை நம்பினாய்.

உன்னை யாரும் இழுக்கவில்லை. தண்டு தவறு. அவ்வளவுதான்.

புதியது அண்ணனுடைய அளவு: அதே விறைப்பு, தலைக்குள் அதே ஈயம், முனைப் பக்கம். எழுத்து ஒட்டவில்லை. பத்துப் பந்து அடித்துப் பார், என்ன எழுத்து என்று நீயே சொல்வாய். எக்ஸ் கொஞ்சமும் மன்னிக்காது, சோம்பலாக வீசினால் வலது பக்கம் தள்ளும்.

இதைச் செய்ய மூன்று வாரத்துக்கு மேல் தாமதித்தேன். செய்யாமல் விடத்தான் நினைத்தேன். மே மாதத்திலிருந்து அந்தத் தவறான தண்டு ராத்திரி பகல் கண்ணுக்கு முன்னால் ஆடுகிறது, தொழிலில் வேறு எதையும் அளக்க முடியவில்லை என்று காரணம் சொல்லலாம். மே மாதத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் அந்தக் காரணம் பொய். அண்ணன் இருந்திருந்தால், “டேய், தண்டு தப்புடான்னு அவன்கிட்ட சொல்லேண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று என் தலையில் தட்டியிருப்பான். அதனால்தான்.

இது மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. அதைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த உறையை வைத்திருந்தால் அப்பாவிடம் கொடு.

உமெஹாரா கோஸெய்


ஓதாவாரா
அக்டோபர் 20

என் கோஸெய்க்கு,

நெல் அறுத்தாயிற்று. மலையில் இலை சிவந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை இல்லை. நீ சாப்பிடுகிறாயா?

நீ எனக்கு எழுதவில்லை. எழுதாததே பதில் என்று புரிந்துகொண்டேன்.

உன் பெட்டியை அவன் மேடையிலேயே நின்று பிரித்தான். கடிதத்தை நின்றபடியே படித்தான். நான் கதவோரத்தில் இருந்தேன். பந்தொன்று அடித்தான், நேராகப் போயிற்று. இன்னொன்று, அதுவும் நேராக. மட்டையை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அத்தை, உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலருந்து?”

“ஏப்ரல்லருந்து.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, “சாதம் இருக்கா அத்தை?” என்றான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பாத்திரத்தை அவனே கழுவி வைத்தான். என்னைத் திட்டியிருக்கலாம்.

தேறிவிட்டான். தேறினவர்களில் கடைசிக்கு ஒரு இடம் மேலே, அப்பா அதையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன வாரம் சிபாவுக்குப் போனான். போகும் முன் மாடத்தில் ஊதுவத்தி ஏற்றி, அந்த உறையை வைத்தான். ஓரம் கசங்கிய அதே உறை. அண்ணன் படத்தோடு என்னவோ பேசினான், நான் கேட்கவில்லை.

கடைசி மேடையில் சத்தம் நின்றுவிட்டது. முதல் மூன்று நாள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாலாவது நாள் நானே போனேன். நீ அனுப்பிய அந்தப் பொய் மட்டை மூலையில் சாய்ந்திருந்தது. முப்பது வருஷம் இந்தத் திடலில் பந்து பொறுக்கியிருக்கிறேன், ஒரு பந்து அடித்ததில்லை. அடித்தேன். பாதி தரையில் பட்டது. மட்டையில் பட்ட பந்தெல்லாம் வலது பக்கம் போயிற்று. எப்படி நின்றாலும் வலது பக்கம்.

வலது பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கமும் யாரோ இழுக்கிறார்களா கோஸெய்? இத்தனை மாதம் இடது பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்கம் உயிரோடு ஒரு பையன் இருந்தான்.

தோட்டத்தில் கத்தரிக்காய் முடிந்துவிட்டது. சிறுத்து, தோல் தடித்த ஒன்று செடியில் மிஞ்சியிருந்தது. நாலு குச்சி குத்தி மாடு செய்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். காலம் கடந்த மாடு. தலை வெளியே பார்க்க வேண்டும், அது தெரியும். உள்ளே பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். அப்பா தினமும் பார்க்கிறார், தாண்டிப் போகிறார். திருப்ப எனக்குக் கை வரவில்லை.

அம்மா


ஹிமெஜி
அக்டோபர் 26

அம்மா,

சாப்பிடுகிறேன். வற்றலை நன்றாக ஊறவைத்துத்தான் வேகவைத்தேன். முதலாளிக்கும் கொடுத்தேன், பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை.

வலது பக்கம் போவதற்குக் காரணம்: ஆர் தண்டு உன் வேகத்துக்கு விறைப்பு அதிகம். வளையாது, தலை பின்தங்கும், பந்து வலது பக்கம் சாயும். வேறு ஒன்றுமில்லை. நீ எழுதியதை நான் நாலு தடவை படித்தேன். வேறு ஒன்றுமில்லை என்றுதான் மறுபடியும் எழுதுகிறேன்.

உனக்கு எல் தண்டு செய்துவிட்டேன். மேலேயும் எல், உள்ளேயும் எல். அதில் அந்தச் சத்தம் வராது. உன்னுடைய சத்தம் வரும், அது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது.

தபாலில் போடவில்லை. சனிக்கிழமை கொண்டு வருகிறேன். சிபா வழியாக வருகிறேன், அங்கே ஒருவன் காலை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது, நொண்டினால் தண்டின் நீளம் மாறும். முடிந்தால் இரண்டு பேராக வருவோம். சாதம் அதற்குத் தகுந்த மாதிரி வை.

மாட்டை நீ திருப்ப வேண்டாம். அப்பாவையும் தொடவிடாதே. நான் வந்து திருப்புகிறேன்.

கோஸெய்